பதினோராம் பக்கத்து மாமன்

1

"சார், புக்கு மறுபடி அச்சடிக்கப் போறதாக் கேள்விப்பட்டேன். ரொம்பச் சந்தோசம். எம் மொகத்த மட்டும் எடுத்துருங்க சார்."

ஆடலூரிலிருந்து வந்த குரல் செய்தி இவ்வளவுதான். நடுவில் ஒரு நாய் குரைத்தது. மனசில் இருந்ததை முழுசாகச் சொன்னது அது மட்டும்தான் என்று எனக்குப் பட்டது.

அதைக் கேட்டபோது வின்னிபெக்கில் இன்னும் விடியவில்லை. நான் இங்கே பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறேன். இந்தக் குளிரில் வண்டியைக் கிளப்பினால் முதலில் அது இருமும், பிறகு நான் இருமுவேன், இரண்டு பேரும் ஒரு முடிவுக்கு வந்தபின் நகர்வோம். பழனி அடிவாரத்தில் பூஜைச் சாமான் கடைக்காரர் மகன், பி.ஏ. தமிழ், கொடைக்கானல் லாட்ஜில் ரிசப்ஷன், இப்போது கனடாவில் பஸ் டிரைவர். படிப்படியான வாழ்க்கைதான். படி எந்தப் பக்கம் போகிறது என்று மட்டும் கேட்காதீர்கள்.

செய்தி அனுப்பியவன் ராஜேந்திரன். தாஸின் தம்பி. தாஸ் என் கணவன். நான் தாஸுக்குக் கணவன். இதை ஒரு தடவை எழுதினால் யாராவது எழுத்துப்பிழை என்று திருத்திவிடுகிறார்கள், அதனால்தான் இரண்டு தடவை எழுதினேன். எங்களுக்கு ஒரு மகள், கயல். எட்டு வயது. ஒன்றரை வயதில் எங்களிடம் வந்தாள். பெற்றவளைப் பற்றி அவளுக்குத் தெரிய வேண்டியதை அவளிடம் சொல்லிக்கொள்வோம், உங்களுக்கு வேண்டாம்.

பழனியில் அவளுக்குக் காது குத்தி இந்த வாரத்தோடு ஒரு வருடம். அதைப் பற்றி ஊரில் இருக்கிற உங்களுக்கு எழுதலாம் என்று உட்கார்ந்தேன். எழுதுகிறவன் பஸ் டிரைவர். அங்கங்கே நின்று நின்றுதான் போகும்.

2

இங்கே வார இறுதியில் ஒரு தமிழ்ப் பள்ளி நடக்கிறது. அதில் 'என் குடும்பம்' என்று ஒரு பாடம். ஒரு மரம் வரைந்து, கிளைக்கு ஒருவராகப் புகைப்படம் ஒட்ட வேண்டும். அம்மா என்று போட்டிருந்த கிளையில் கயல் தாஸின் படத்தை ஒட்டினாள், மீசையோடு. டீச்சர் நல்லவர். "ரொம்ப அழகா இருக்கும்மா" என்றார். எல்லாப் பிள்ளைகளின் மரமும் சுவரில் ஏறியது. கயலுடையது மட்டும் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஏறியது. சுவரில் இடம் பத்தவில்லையாம்.

அன்றைக்குத்தான் இரண்டு அப்பா வருகிற தமிழ்க் குழந்தைப் புத்தகம் ஏதாவது கிடைக்குமா என்று தேட ஆரம்பித்தோம். எங்கள் கைக்குக் கிடைத்ததில் எல்லாம் நரி இருந்தது, காகம் இருந்தது, ராஜா இருந்தார். ராஜாவுக்கு இரண்டு ராணி இருந்தார்கள், அதில் யாருக்கும் சங்கடம் இல்லை. நாங்கள்தான் இல்லை.

"நீ எழுது, நான் வரையிறேன்," என்றான் தாஸ். "சரியான வேலதான். ஆனா செய்வோம்."

'ரொம்ப' என்பதற்கு 'சரியான' என்பான். அவன் அப்பா அம்மா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்து கொடைக்கானல் பக்கம் குடியேறியவர்கள். தாஸ் அங்கே போர்டு எழுதிக்கொண்டிருந்தான். பஜாரில் சாக்லேட் கடை, ஸ்வெட்டர் கடை போர்டுகளில் பாதி அவன் கைதான். எங்கள் லாட்ஜ் வாசலில் '24 மணி நேரமும் ஹாட் வாட்டர்' என்று எழுத வந்தவன், ஏணியிலிருந்து இறங்கி என்னிடம் வந்து, "இது பொய்தானே அண்ணே, கொஞ்சம் சின்னதா எழுதவா?" என்று கேட்டான். நான் அப்போதே விழுந்தேன். இன்னும் எழுந்திருக்கவில்லை.

என்ன கதை எழுதுவது என்பதைக் கயல்தான் முடிவு செய்தாள். தமிழ்ப் பள்ளியில் எல்லாப் பெண்பிள்ளைகளும் கம்மல் போட்டிருந்தார்கள். அவளுக்கும் வேண்டும். "எனக்கு எப்போ காது குத்துவீங்க?" என்றாள். நான் அவளுக்குப் பலமுறை காது குத்தியிருக்கிறேன், விழுந்த பல்லை எடுத்துக்கொண்டு காசு வைத்துவிட்டுப் போகிற பல் தேவதை வரைக்கும். இது வேறு.

நம் பக்கம் காது குத்தென்றால் தாய்மாமன் மடி வேண்டும். மாமன் சீர்த்தட்டோடு வரவேண்டும், சம்மணம் போட்டு உட்கார வேண்டும், பிள்ளை அவன் மடியில் உட்கார வேண்டும். மாமன் இல்லாத வீட்டில் ஒன்றுவிட்ட மாமனையாவது பிடித்து வருவார்கள். அம்மாவே இல்லாத பிள்ளைக்கு மாமனை எங்கே பிடிப்பது? எனக்கு இருப்பது ஒரே தங்கை, செல்வி, பழனியில் இருக்கிறாள். அவள் அத்தை. தாஸுக்கு இருப்பது ஒரே தம்பி.

"அப்ப ராஜேந்திரந்தான் மாமன்," என்றேன்.

"அவன் மாமன்னா நான் அம்மாவா?"

"ஏன், பிடிக்கலையா?"

"மீசைய எடுக்க மாட்டேன்," என்றான் தாஸ். "மத்தபடி சரி."

ராஜேந்திரன் ஆடலூரில் பெண் எடுத்து அங்கேயே தங்கிவிட்டவன். காபித் தோட்டத்தில் மேஸ்திரி. போனில்தான் விஷயத்தைச் சொன்னேன். ஆடலூரில் சிக்னல் மோசம், வீடியோ வந்தால் முகம் கட்டம் கட்டமாக உடைந்துபோகும், குரல் மட்டும் வரும்.

"அப்ப நான் அந்தப் பிள்ளைக்கு மாமன்," என்றான்.

"ஆமா."

"அப்ப நீங்க எனக்கு மச்சான்."

எத்தனையோ வருடமாக என்னை சார் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அண்ணனோடு இருக்கிற ஒருவனை வேறு எப்படிக் கூப்பிடுவது என்று அவனுக்குத் தெரியவில்லை, எனக்கும் சொல்லித்தரத் தெரியவில்லை.

"வர்றேன் மச்சான். சீரோட வர்றேன். எவன் கேப்பான்?"

போனை வைத்ததும் தாஸ் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டான். அரை மணி நேரம் குளித்தான். ஆனால் தலை நனையவில்லை.

3

புத்தகத்தின் பெயர் 'கயலுக்குக் காதுகுத்து'. முதல் பக்கம்: 'எனக்கு இரண்டு அப்பா.' பதினோராம் பக்கம் மாமன். தாஸ் அதைப் பழைய புகைப்படங்களைப் பார்த்து வரைந்தான். கவாத்துக் கத்தி பட்டு இடது புருவத்தில் விழுந்த வெட்டு, சிரித்தால் ஒரு பக்கம் ஏறுகிற மீசை, பக்கத்தில் ஒரு தார் மலை வாழை. மடியில் கயல். கீழே என் வரி: 'மாமன் மடி மலை மாதிரி. சாய்ந்துகொள்ளலாம், சரியாது.'

"போன மழைக்குக் கொடைக்கானல் ரோடே சரிஞ்சு கெடந்துச்சு," என்றான் தாஸ்.

"கவிதையில சரியாது," என்றேன்.

மதுரையில் பரிமளா என்ற அம்மாள் ஒரு சின்னப் பதிப்பகம் நடத்துகிறார். அவர் போட்டார். அந்த ஜூன் மாதம், எங்களைப் போன்றவர்கள் வருடா வருடம் நடத்துகிற வானவில் ஊர்வலத்துக்குப் போனோம். தாஸ் ஒரு தட்டி எழுதியிருந்தான், பழைய லாட்ஜ் போர்டு எழுத்தில்: 'எங்கள் வீட்டில் இரண்டு அப்பா. சாம்பார் ஒன்றுதான்.' கயல் என் தோளில் உட்கார்ந்து கொடியை ஆட்டினாள். சாலையின் இரண்டு பக்கமும் கைதட்டல். ஒருவருக்கும் தமிழ் தெரியாது, அதனால் தாராளமாகத் தட்டினார்கள். ஓர் ஓரத்தில் ஒரே ஒரு தமிழ்க் குடும்பம் நின்றது. அந்த அம்மா வாசித்துவிட்டுச் சிரித்தார். கணவர் அவர் தோளைத் தொட்டார். சிரிப்பு நின்றது.

சில கடிதங்கள் வந்தன. திண்டுக்கல் பக்கத்திலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தாள். அவளும் அவள் தோழியும் சேர்ந்து ஒரு மகளை வளர்க்கிறார்களாம். ஊர்க்காரர்களுக்கு அந்தத் தோழி வாடகைக்கு இருக்கிற அக்கா. புத்தகத்தை மகளுக்கு வாசித்துக்காட்டிவிட்டு அரிசி டின்னுக்குள் வைத்துவிடுவார்களாம். 'அரிசி அள்ளும்போதெல்லாம் உங்க புத்தகம் கையில படும்' என்று முடித்திருந்தாள். இதைவிடப் பெரிய பாராட்டு எனக்குக் கிடைக்காது. இதைவிடத் துக்கமானதும் கிடைக்காது.

ராஜேந்திரன் ஒரு கட்டுப் புத்தகம் வாங்கி ஆடலூர் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தான். டீக்கடையில் பதினோராம் பக்கத்தை விரித்துக் காட்டினானாம். "ஏலே, பாருங்கலே, எம் மொகம் புக்குல வந்துருச்சு." போனில் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். பதினோராம் பக்கத்துக்கு வர ஒருவன் முதல் பக்கத்தைத் தாண்டித்தான் வரவேண்டும் என்பது அவனுக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை. தமிழ் படித்தவனுக்கே தோன்றவில்லை.

4

ஊருக்கு வரக் கயலுக்கு விசா வேண்டும். விசாவுக்குத் தாயின் பெயர் வேண்டும்.

"இத காலியா விடக் கூடாது சார்," என்றார் கவுண்டரில் இருந்தவர். நம் ஊர்க்காரர்தான்.

"அம்மா இல்லைங்க."

"தவறிட்டாங்களா?"

"இல்லைங்க. மொதல்ல இருந்தே இல்ல."

"அது எப்படி சார்?"

"ரெண்டு அப்பா."

எனக்குப் பின்னால் வரிசையில் இருமிக்கொண்டிருந்த ஒருவர் இருமலை நிறுத்தினார்.

"எனக்கு ஒண்ணும் இல்ல சார்," என்றார் கவுண்டர்காரர், குரலைத் தாழ்த்தி. "சிஸ்டம் ஏத்துக்காது."

என் வாழ்க்கையில் நான் சந்தித்த யாருக்குமே எங்கள்மேல் வருத்தம் கிடையாது. ஒவ்வொருவருக்கும் பின்னால் ஒரு சிஸ்டம் இருந்தது. வக்கீல், கோர்ட்டுக் காகிதம், மறுபடி வரிசை என்று அலைந்து ஒருவழியாக விசா வாங்கினோம்.

செல்வியிடம் சொன்னபோது, "தாராளமா வாங்கண்ணே, மண்டபம், ஆசாரி எல்லாம் நான் பாத்துக்கிறேன். ரூமும் போட்டுட்டேன். உங்க பிரெண்டுக்குத் தனி ரூமு," என்றாள். எங்கள் கல்யாணப் புகைப்படம் அவள் போனில் இருக்கிறது. பிரெண்டு என்பதற்கு மேல் அவளால் ஏற முடியவில்லை. ஏறின வரைக்கும் லாபம் என்று விட்டுவிட்டேன்.

கயல் விமானத்தில் ஒரு வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லிப் பழகினாள். யாரும் சொல்லித்தரவில்லை, அவளே கட்டியது. "மாமா, நான் கயல். உங்க மடிக்கு வந்துருக்கேன்."

5

காலையில் அடிவாரத்து மண்டபத்தில் எல்லாம் தயார். மொட்டைக்குக் கயல் ஒத்துக்கொள்ளவில்லை. என் தலையைப் பொறுத்தவரை முருகன் ஏற்கெனவே தவணை முறையில் வாங்கிக்கொண்டுவிட்டார். வெற்றிலை, தேங்காய், சந்தனம், தங்கக் கம்பியோடு ஆசாரி. மாமன் மட்டும் இல்லை. "வெள்ளனே வந்துருவேன் மச்சான்" என்று சொல்லியிருந்தவனின் போன் அணைந்து கிடந்தது.

"பஸ் கிடைச்சிருக்காது," என்றான் தாஸ். "வா, ரோட்டுல போய்ப் பாப்போம்."

மூன்று பேரும் சன்னதித் தெருவுக்கு வந்தோம். எதிரே ஒரு கூட்டம் மலையிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தது. புது வேட்டி, பட்டுப்புடவை, தாம்பாளத்தில் கல்யாணப் பத்திரிகை. முதல் பத்திரிகையை முருகன் காலில் வைத்துவிட்டு வருகிறவர்கள். நானும் தாஸும் அவர்களைத் தாண்டித் தூரத்தில் பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். கயல்தான் பார்த்தாள். என் கையை விட்டுவிட்டு ஓடினாள்.

புருவத்து வெட்டு, மீசை, எல்லாம் பதினோராம் பக்கத்தில் இருந்தபடியே இருந்தது. அவன் முன்னால் போய் நின்றாள்.

"மாமா, நான் கயல். உங்க மடிக்கு வந்துருக்கேன்."

ராஜேந்திரன் அவளைப் பார்த்தான். பிறகு அவள் தலைக்கு மேலாகத் தாஸைப் பார்த்தான். பத்தடி தூரம்தான். அண்ணனும் தம்பியும் நேரில் பார்த்துப் பல வருடம் ஆகியிருந்தது.

"நான் இல்லம்மா," என்றான். "வேற யாரையோ பாத்துட்ட."

பக்கத்தில் தோளில் அங்கவஸ்திரம் போட்ட ஒரு பெரியவர். "யாரு சம்பந்தி?" என்றார்.

"தெரியலைங்க. ஆள் மாறி வந்துருச்சு."

நான் வாயைத் திறக்கும் முன்னால் தாஸ் போய்விட்டான். கயலைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டான். கனடா அவனை நன்றாக ஊதிவிட்டிருந்தது, முடியும் போய்விட்டது. இரண்டு பேரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் அண்ணன் தம்பி என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

"மன்னிச்சுக்குங்க," என்றான் தாஸ், தன் தம்பியிடம். "பிள்ள சரியாப் பாக்கல."

"இதுக்கெதுக்குங்க மன்னிப்பு, கொழந்ததானே," என்றார் பெரியவர். "எந்த ஊருங்க?"

"கனடா."

"அடேயப்பா. அங்கருந்து முருகனப் பாக்கவா? இந்தாம்மா." மடியிலிருந்து கற்கண்டு எடுத்துக் கயல் கையில் வைத்தார். "பாத்தீங்களா சம்பந்தி, நமக்கும் வெளிநாட்டுல ஒரு ஆள் இருந்தா நல்லாத்தான் இருக்கும்."

ராஜேந்திரன் சிரித்தான். போனில் எத்தனையோ வருடமாக நான் கேட்டுப் பழகிய சிரிப்பு.

கூட்டம் எங்களைத் தாண்டிப் போனது. கயல் கற்கண்டைத் தின்னவில்லை. "குரலும் அவரோடதுதான்," என்றாள்.

6

"மாமன் வந்தாச்சா?" என்றார் ஆசாரி. "எனக்கு இன்னும் ரெண்டு எடத்துல சோலி கெடக்கு. வெரசா வாங்க."

செல்வி என்னைத் தூணுக்குப் பின்னால் இழுத்துப் போனாள்.

"அவரு வர மாட்டாருண்ணே. நேத்தே எனக்குப் போன் போட்டாரு. உங்ககிட்டச் சொல்ல எனக்கு வாய் வரல."

மீதியை அங்கே வைத்துத்தான் சொன்னாள். பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகள் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறார்கள். வீட்டில் பெரியவர்கள் முதல் பக்கத்தைப் படித்திருக்கிறார்கள். டீக்கடையில் ராஜேந்திரன் தலை தெரிந்தாலே கேள்வி: "என்னய்யா, ஒங்கண்ணன் அப்பனா, ஆத்தாளா?" தோட்டத்தில் அவனுக்குக் கீழே வேலை பார்க்கிறவர்களே கேட்டிருக்கிறார்கள். அந்த நேரத்தில்தான் அவன் மகள் சுமதிக்கு ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டிக்காரர் வீட்டிலிருந்து சம்பந்தம் வந்திருக்கிறது. கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று அவர்கள் கேட்டபோது, தான் ஒரே பிள்ளை என்று சொல்லிவிட்டான். முருகனுக்குப் பத்திரிகை வைக்கச் சம்பந்தி குறித்த நாளும் இன்றைக்கே அமைந்துவிட்டது.

"பொண்ணு கல்யாணம் நின்னு போச்சுன்னா அந்த மனுசன் என்னண்ணே செய்வாரு? நீங்களே சொல்லுங்க."

எனக்கு எப்போதும் ஏதாவது ஒரு வேடிக்கையான பதில் வாயில் நிற்கும். அப்பா செத்த வீட்டில்கூட வந்தது. அப்போது வரவில்லை.

"உங்க பிரெண்ட மாமன்னு சொல்லி உக்கார வைங்கண்ணே," என்றாள் செல்வி. "இங்க யாருக்குத் தெரியப் போகுது?"

தாஸைப் பார்த்தேன். அவனுக்கும் காதில் விழுந்திருந்தது. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பாயில் உட்கார்ந்தான். கயலை மடியில் வைத்துக்கொண்டான்.

ஆசாரி சந்தனத்தைத் தொட்டுக் காதில் பொட்டு வைத்தார். "நீங்கதான் தாய்மாமனா?"

"ஆமாங்க," என்றான் தாஸ்.

கயல் மடியில் உட்கார்ந்தபடியே திரும்பினாள். "நீங்க மாமாவா?" என்று கேட்டாள். அவள் தமிழ் அவ்வளவு தெளிவாக அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இல்லை.

"இன்னிக்கு மட்டும்," என்றான் தாஸ், அவள் காதருகில்.

அவள் என்னைப் பார்த்தாள். "இந்தா, அப்பா இருக்கேன்ல," என்றேன். 'எனக்கு இரண்டு அப்பா' என்று அச்சில் எழுதிய கைதான். சந்தனக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது.

இரண்டு காதும் குத்தியாயிற்று. அவள் அழவில்லை. "தைரியமான புள்ள," என்றார் ஆசாரி, கம்பியை முறுக்கிவிட்டு. "மாமன் மடின்னா சும்மாவா?"

7

திரும்பி வருகிற வழியில் விமான நிலைய வரிசையில் கயல் தாஸின் சட்டையை இழுத்தாள்.

"இங்க நீங்க யாரு?"

"என்னடா?"

"இங்க நீங்க அப்பாவா, மாமாவா?"

"அப்பாடா. எங்கயும் அப்பாதான்."

வின்னிபெக் வந்த பிறகும் கேட்டாள். பள்ளிக்கூட வாசலில், மருத்துவமனையில், கடைக்குள் நுழையும் முன்னால். குறும்புக்காகக் கேட்கவில்லை. சாலையைக் கடக்கும் முன் இரண்டு பக்கமும் பார்க்கச் சொல்லித்தந்திருக்கிறோம் இல்லையா, அந்த மாதிரி. ஒவ்வொரு தடவையும் தாஸ் குனிந்து, அப்பாதான் என்று சொல்வான். ஒரு நாள் கேட்பதை நிறுத்திவிட்டாள். அப்பாடா என்று இருந்தது எனக்கு. ஒரு வாரம் கழித்துத்தான் கவனித்தேன், தாஸப்பா என்று கூப்பிடுவதையும் நிறுத்தியிருந்தாள். வெறும் தாஸ். எந்த இடத்துக்கும் பொருந்துகிற பெயர் அதுதான் என்று முடிவு செய்திருக்கிறாள் போலிருக்கிறது.

தமிழ்ப் பள்ளிக்கும் போகமாட்டேன் என்றாள். ஏன் என்று கேட்டால் தோளைக் குலுக்குவாள். ஒரு சனிக்கிழமை நான் விடாமல் கேட்டபோது ஆங்கிலத்தில் சொன்னாள்: தமிழில் பேசினால் ஆட்கள் மாறிவிடுகிறார்கள், ஆங்கிலத்தில் யாரும் மாறுவதில்லை.

என் பஸ்ஸில் தினமும் பிள்ளைகள் ஏறுகிறார்கள். எல்லாரையும் வீட்டு வாசலில் சரியாக இறக்கிவிடுகிறேன். இதுவரை ஒரு புகார்கூட இல்லை.

8

சுமதி கல்யாணம் நல்லபடியாக முடிந்தது என்று செல்வி சொன்னாள். ராஜேந்திரனின் பயம் மட்டும் முடியவில்லை. புத்தகம் இரண்டாம் பதிப்பு வந்து ஒட்டன்சத்திரம் வரை போய்விட்டால்? அதனால்தான் அந்தக் குரல் செய்தி. மச்சான் என்று கூப்பிட ஆரம்பித்தவன் மறுபடி சாருக்கே போய்விட்டான்.

தாஸ் அதை இரண்டு தடவை கேட்டான். "எடுத்துருவோம்," என்றான். "அவன் கேக்கிறது நியாயந்தான்."

"உனக்குக் கோபமே வரலையா?"

"வருது. அவன்மேல வரல."

பரிமளா அம்மாளிடம் சொன்னேன். "யாராவது ஒரு மாமன வரைஞ்சு குடுத்துருங்க வேலு சார்," என்றார். "பிள்ளைங்க புத்தகம். மடி காலியா இருந்தா கேள்வி கேப்பாங்க."

தாஸ் ஒரு மாமனை வரைந்தான். குண்டுக் கன்னம், சுருட்டை முடி, நல்ல சிரிப்பு. உலகத்தில் எங்குமே இல்லாத ஆள். நேற்று, சனிக்கிழமை காலை, கயல் சாப்பிட்டுக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

"யார் இது?" ஆங்கிலத்தில்தான்.

"மாமா," என்றேன்.

"எந்த மாமா?"

"சும்மா ஒரு மாமா."

"தெரியாத ஆள் மடியில உட்காரக் கூடாதுன்னு ஸ்கூல்ல சொல்லியிருக்காங்க," என்றாள்.

தாஸ் ரப்பரை எடுத்தான். சுருட்டை முடி போயிற்று, கன்னம் போயிற்று. வெறும் மடி மட்டும் மிஞ்சியது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அந்த மடிக்கு மேலே தன்னையே வரைந்தான். வழுக்கை, மீசை, மடித்துவிட்ட சட்டைக் கை. பக்கத்தில் என்னை, சந்தனக் கிண்ணத்தோடு. எதிரே ஆசாரியை. எனக்குக் கொஞ்சம் முடி சேர்த்துப் போட்டான், அதை நான் ஆட்சேபிக்கவில்லை.

கீழே இருந்த பழைய வரி இனி செல்லாது. யோசித்து ஒன்றை எழுதினேன்: 'அன்றைக்கு இரண்டு அப்பாவும் கயல் பக்கத்தில் இருந்தார்கள்.'

கயல் விரலை வைத்து, எழுத்துக் கூட்டி வாசித்தாள். பல மாதம் கழித்து அவள் வாயிலிருந்து வந்த தமிழ். வாசித்து முடித்துத் தலையை ஆட்டினாள்.

"அன்னிக்கு ஒரு அப்பாதான் இருந்தார்."

தாஸ் பென்சிலைக் கீழே வைத்தான். "நான் அப்பாவாத்தான்டா இருந்தேன். சொல்லல."

"சொல்லணும்," என்றாள் கயல்.

அவ்வளவுதான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. விளையாட்டில் ஒரு விதியை மறந்துவிட்டவனுக்குச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

தாஸ் நான் எழுதிய வரியை அடித்துவிட்டு, ஆசாரியின் தலைக்கு மேலே ஒரு வட்டம் போட்டு, அதற்குள் அவர் கேட்டதை எழுதினான். 'நீங்கதான் மாமனா?' தன் தலைக்கு மேலே இன்னொரு வட்டம். அதற்குள் தன் போர்டு எழுத்தில், பெரிதாகவே எழுதினான். 'இல்லைங்க. நான் அப்பா.'

அதைப் படம் எடுத்து மதுரைக்கு அனுப்பினேன். பரிமளா அம்மாளிடமிருந்து உடனே பதில். அருமையாக வந்திருக்கிறதாம், பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்குமாம்.

கயலுக்கு ஸ்கேட்டிங் வகுப்புக்கு நேரமாகிவிட்டது. வாசலில் நின்று கனத்த கோட்டைப் போட்டுக்கொண்டாள். அதன் ஜிப் எப்போதும் பாதியில் சிக்கும். தாஸ் மண்டியிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, மெதுவாக அதைக் கழுத்துவரை ஏற்றிவிட்டான்.

"தேங்க்ஸ், தாஸ்," என்றாள்.